மூடியை மூடியும் உறங்காத லப்டொப்: கல்லடியிலிருந்து ஒரு லினக்ஸ் நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

கச்சான் வீசும் மாதம். கல்முனையில் பஸ் ஏறி வந்தாறுமூலை கம்பஸுக்குப் போகும் பிள்ளைகள் லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். உள்ளே அது விழித்தே இருந்தால் ஃபேனுக்கு இழுக்கக் காற்றில்லை. இறங்கும்போது அடிப்பக்கம் கொதிக்கும், பற்றரி வற்றியிருக்கும். இது தொடர்ந்தால் பற்றரியின் ஆயுளே குறையும். ஆகவே இதைச் சின்ன விஷயமென்று விடக் கூடாது.

செட்டிங் எதிலும் கை வைக்க முன்னர், மூடி திறந்திருக்கும்போதே டெர்மினலில் ‘சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்’ என்று கொடுங்கள். உறங்கி, பவர் பட்டனை அழுத்த ஒழுங்காக எழும்பினால் கேர்னலும் (லினக்ஸின் உட்கரு) பயோஸும் (இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) சரி. பழுது மூடியிலிருந்து கட்டளை போய்ச் சேரும் வழியில்தான். இதற்கே உறங்காவிட்டால் மூடியில் குற்றமில்லை.

இன்று வந்த லப்டொப்பில் இருப்பது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் உள்ள பதிப்பு. கட்டளைக்கு உறங்குகிறது, மூடிக்கு இல்லை. முதலில், மூடி மூடியதை உணரும் சென்சர். ‘/ப்ரொக்/ஏசிபிஐ/பட்டன்/லிட்’ கோப்புறைக்குள் பெரும்பாலும் ‘லிட்0’ என்று ஒன்று இருக்கும். அதனுள் ‘ஸ்டேட்’ என்ற கோப்பு. அதை ‘வொட்ச் -என் 1 கெட்’ கொண்டு ஓடவிட்டு, மூடியை மெல்ல இறக்கியபடி இடுக்கால் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று விரல் இடைவெளியில் ‘ஓப்பன்’ மாறி ‘குளோஸ்ட்’ ஆனால் சென்சர் உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால், கைவைக்கும் தட்டின் ஓரமாக ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். மூடியின் விளிம்பில் காந்தமும், கீழ்ப்பக்கம் அதை உணரும் ஹோல் சென்சரும் இருப்பதுதான் வழக்கம். கைக்காந்தத்துக்கு மாறி மூடிக்கு மாறாவிட்டால், திரைச் சட்டத்தைக் கழற்றியபோது மூடிக் காந்தம் விழுந்திருக்கும். காந்தப் பூட்டுள்ள ஃபோன் கவரை அந்த ஓரத்தில் வைத்தால் திறந்திருக்கும் லப்டொப்பும் உறங்கிவிடும்.

இதில் சென்சர் சரி.

8 ஜூலை, செவ்வாய்

அடுத்தது லொகின்டி, மூடி மூடிய செய்தியை வாங்கி லப்டொப்பை உறங்கவைக்கும் சேவை. எல்லோரும் நேரே அதன் செட்டிங் கோப்பான ‘லொகின்டி டொட் கொன்ஃப்’பைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன் ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்’ கொடுத்து, ‘வொட்’ நிரலில் ‘ஹேண்டில்-லிட்-சுவிட்ச்’ என்றும் ‘மோட்’ நிரலில் ‘ப்ளொக்’ என்றும் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கே எக்ஸ்எஃப்சிஇயின் பவர் மேனேஜர் பிடித்திருந்தது. அப்படியென்றால் கொன்ஃப் கோப்பில் என்ன எழுதினாலும் பயனில்லை. மூடி பவர் மேனேஜரின் பொறுப்பு. அதன் செட்டிங்கில் பற்றரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என இரண்டு தெரிவுகள் உண்டு. பற்றரிக்குச் சஸ்பெண்ட் இருந்தது. சார்ஜருக்குத் திரையை அணைப்பது மட்டும். திரை கறுத்ததும் உறங்கிவிட்டது என்று நம்பி, வயரைக் கழற்றிப் பைக்குள் வைப்பார்கள். இரண்டையும் சஸ்பெண்ட் ஆக்கினோம், தீர்ந்தது.

யாரும் பிடித்திருக்காவிட்டால்தான் கொன்ஃப் கோப்பு. ‘ஹேண்டில்லிட்சுவிட்ச்’ என்று தொடங்கும் வரிகள் மூன்று: வெறுமனே ஒன்று, ‘எக்ஸ்டேர்னல்பவர்’ சேர்ந்து ஒன்று, ‘டொக்ட்’ சேர்ந்து ஒன்று. மூன்றாவது இயல்பாகவே ‘இக்னோர்’. வெளித் திரை ஒன்று இணைந்திருந்தாலே டொக்கில் (லப்டொப்பைச் செருகிவைக்கும் தளத்தில்) இருப்பதாகக் கணக்கு. எச்டிஎம்ஐ வயர் செருகியிருக்கும் லப்டொப் மூடினாலும் ஓடுவது பழுதல்ல. மாற்றிய பின் ரீபூட் செய்வதே நல்லது. லொகின்டியை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் சில இடங்களில் திறந்திருக்கும் செஷன் அறுந்து, சேமிக்காத வேலை போய்விடும்.

சோதிக்கும்போது அவசரப்பட வேண்டாம். பூட் ஆன பின்னும் உறக்கத்திலிருந்து எழுந்த பின்னும் 30 விநாடிக்கு லொகின்டி மூடியைக் கவனிக்காது. எழுப்பி உடனே மூடினால் சரியான இயந்திரமும் பழுதாகத் தெரியும்.

11 ஜூலை, வெள்ளி

இது வேறு ரகம்: உறங்கி இரண்டு விநாடியில் எழும்புகிறது. ‘ஜேர்னல்சிடிஎல் -பி’ காட்டும் லொக்கில் (பதிவேட்டில்) ‘சஸ்பெண்ட் என்ட்ரி’, அடுத்த வரிகளிலேயே ‘சஸ்பெண்ட் எக்ஸிட்’. ஆகவே மூடி, லொகின்டி இரண்டும் தம் வேலையைச் செய்துவிட்டன. யார் எழுப்புகிறார் என்பதுதான் கேள்வி. ‘/ப்ரொக்/ஏசிபிஐ/வேக்கப்’ கோப்பில் ‘எனேபிள்ட்’ என்று நிற்பவற்றைப் பார்த்தோம். ‘எக்ஸ்எச்சி’ யூஎஸ்பிக்குரியது, வயரில்லா மவுஸின் சின்ன ரிசீவர் செருகியிருந்தது. அதைப் பிடுங்கியதும் உறக்கம் கலையாமல் நிலைத்தது.

ரிசீவர் இருந்தபடியே வேண்டுமென்றால், ‘எக்கோ எக்ஸ்எச்சி’யைப் பைப் மூலம் ‘சூடோ டீ’க்குக் கொடுத்து அந்தக் கோப்பில் எழுத வேண்டும். ‘சூடோ எக்கோ’ போட்டு அம்புக்குறியால் எழுதினால் அனுமதி கிடைக்காது. கோப்பைத் திறப்பது நிர்வாகி உரிமையுள்ள சூடோ அல்ல, அந்த உரிமையில்லாத உங்கள் ஷெல். இன்னொன்று, இது மாற்றுச் சுவிட்ச்: மறுபடி எழுதினால் மறுபடி இயங்கும். பூட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால், பூட் ஆகும்போது ஒருமுறை ஓடி முடியும் ஒன்ஷொட் சேவையாக வைக்கலாம். அந்தச் சேவையை இடையில் கையால் மீண்டும் ஓட்ட வேண்டாம்.

14 ஜூலை, திங்கள்

கரண்ட் போகும் நாட்களில் மட்டும் வரும் கோளாறு. லொக்கில், யூசர் ஸ்பேஸ் ப்ரொசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை) உறையவைப்பது 20.00 விநாடிக்குப் பின் தோல்வி என்று கேர்னல் எழுதியிருக்கிறது. காரணம், தொலைவிலுள்ள கணினியின் கோப்புறையை நம்முடையதுபோல் இணைத்துத் தரும் எஸ்எஸ்எச்எஃப்எஸ். கரண்டோடு ரவுட்டரும் நிற்கிறது. லப்டொப் பற்றரியில் ஓடுகிறது. தொலைவிலுள்ள கோப்புறையிடம் பதில் கேட்டுக் காத்திருக்கும் ப்ரொசஸைக் கேர்னலால் உறையவைக்க முடியவில்லை. அதனால் உறக்கத்தையே கைவிடுகிறது. உடனே செய்ய வேண்டியது ‘ஃபியூசர்மவுண்ட் -யூஇசட்’ கொண்டு அந்த மவுண்டைக் கழற்றுவது. நிரந்தரமாக, மவுண்ட் செய்யும்போதே ‘சேர்வர்அலைவ்இன்டர்வல்=15’ சேர்ப்பது. மூன்று முறை பதில் வராவிட்டால், கிட்டத்தட்ட 45 விநாடியில் இணைப்பு தானே அறும்; சிக்கிய ப்ரொசஸும் விடுபடும். இந்த ஊரில் ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் போடுவதும் நல்ல வைத்தியம்.

16 ஜூலை, புதன்

ஒழுங்காக உறங்கியும் விடியும்போது பற்றரி பாதியாகியிருந்தால் ‘/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்’ பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பு. ‘எஸ்2ஐடில்’ (மேலோட்டமான உறக்கம்) அடைப்புக்குள்ளும் ‘டீப்’ (ஆழ்ந்த உறக்கம்) பக்கத்திலும் இருந்தால், முதலில் தற்காலிகமாக ‘டீப்’ எழுதி, வேலையெல்லாம் சேமித்துவிட்டு உறங்கவைத்து எழுப்புங்கள். சிலவற்றில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அப்படியானால் அதை விட்டுவிட வேண்டும். நன்றாக எழும்பினால் மட்டும் ‘/எட்சி/டிஃபோல்ட்/கிரப்’ கோப்பில் கேர்னல் வரிக்கு ‘மெம்_ஸ்லீப்_டிஃபோல்ட்=டீப்’ சேர்த்து ‘அப்டேட்-கிரப்’.

‘டீப்’ பட்டியலிலேயே இல்லாவிட்டால் ஃபேர்ம்வெயர் (பயோஸ்) எஸ்3 எனப்படும் அந்த ஆழ்ந்த உறக்கத்தைத் தரவில்லை. எழுதி வரவழைக்க முடியாது. சில திங்க்பேட்களில் பயோஸின் பவர் பகுதியில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்பதை லினக்ஸுக்கு மாற்றினால் வரும். இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய பல லப்டொப்களில் அந்த வழியும் இல்லை. அவற்றுக்கு ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) பார்க்கலாம்: ரேமைத் தாங்கும் அளவுக்கு ஸ்வொப் (அதை எழுதிவைக்கும் டிஸ்க் இடம்) வேண்டும், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) இயங்கினால் பல டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் பதிப்புகளின்) கேர்னல் அனுமதிக்காது.

வற்றுவதை அளக்க, மூடும் முன்னும் திறந்த பின்னும் ‘/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பெட்0/எனேர்ஜி_நவ்’ எண்ணைக் குறித்து, வித்தியாசத்தை 10 இலட்சத்தால் வகுத்தால் வொட்-மணி கிடைக்கும். அந்தக் கோப்பு இல்லாமல் ‘சார்ஜ்_நவ்’ இருந்தால் கிடைப்பது அம்பியர்-மணி.