யூலண்டின் காற்றும் எங்கள் வீட்டு மின்சாரமும்

டென்மார்க்கின் மேற்கு யூலண்டுக்கு வந்து சேரும் ஈழத்தமிழர் எவரும் முதலில் குளிரை நினைத்தே கவலைப்படுவார். ஆனால் இங்கு ஆளை உண்மையில் வாட்டுவது காற்றுத்தான். வடகடலிலிருந்து வரும் மேலைக்காற்றை மறிப்பதற்கு இந்தத் தட்டை நிலத்தில் மலை எதுவுமில்லை. எண்பதுகளில் ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ போன்ற ஊர்களில் குடியமர்ந்த எம்மவர்கள், மொழி வகுப்புக்குச் சைக்கிளில் போகையில் எதிர்க்காற்றோடு பட்ட பாட்டை இன்றும் சொல்வார்கள். அந்தக் காற்றை இந்நாட்டவர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்த பிறகே இந்த நாடு எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

அபிராமி அம்மன் கோயில் அமைந்துள்ள பிராண்டே நகரிலேயே காற்றாலை செய்யும் பெருந்தொழிற்சாலையும் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் நீண்ட பாரவண்டியில் ஏற்றிச் செல்லப்படும் இறக்கையை அருகில் நின்று பார்த்தால், அது வெறும் தட்டையான பலகை அல்ல என்பது தெரியும். அடியில் உருளையாகத் தடித்து, நுனியை நோக்கி மெலிந்து, நீளவாக்கில் சற்றே முறுக்கி, விமானச் சிறகைப் போல ஒருபுறம் வளைந்திருக்கும். காற்று அதைப் பின்னால் தள்ளுவதால் மட்டும் அது சுழல்வதில்லை. வளைவின் இருபுறமும் உண்டாகும் அழுத்த வேறுபாடு இறக்கையைப் பக்கவாட்டில் இழுக்கிறது.

அந்தச் சுழற்சி நிமிடத்துக்குப் பத்து, இருபது சுற்று என்ற அளவில் மெதுவானது. பல காற்றாலைகளில் பற்சக்கரப் பெட்டி அதனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாக்கி மின்பிறப்பாக்கிக்குக் கொடுக்கிறது. வேறு சிலவற்றில் பற்சக்கரமே இல்லாமல், நிலைக்காந்தங்கள் பதித்த பெரிய வளையம் இறக்கைகளோடு சேர்ந்தே சுழல்கிறது. எவ்வகையாயினும், செப்புச் சுருள்களைக் கடக்கும் காந்தப்புலம் மாறும்போது அவற்றில் மின்சாரம் பிறக்கிறது. மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்தி நிலத்தடி வடத்துக்கு அனுப்புகிறது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கோபுரத்தை உயர்த்துவதும், கரையை விட்டுக் கடலுக்குள் போவதும் இதற்காகவே. ஆனாலும் கடந்து செல்லும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது. முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்று, பின்னால் வருவதற்கு வழிவிடாது. புயல் நாளில் காற்றாலை நிற்பதைக் காணும் நம்மவர்கள் பழுதாகிவிட்டதென்று எண்ணுவதுண்டு. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25 மீற்றரைத் தாண்டும்போது, சேதமடையாமலிருக்க, இறக்கைகள் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொள்கின்றன.

இந்தக் கலையை இங்கு வளர்த்தவர்களை எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது. அஸ்கோவ் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்த போல் லா கூர் 1891இல் காற்றாலையால் மின்சாரம் எடுத்தார். அவரிடம் பயின்ற யொஹானஸ் யூல் 1957இல் கெட்சரில் நிறுவிய மூன்று இறக்கைக் காற்றாலை, 200 கிலோவாட் வலுவுடன் பத்தாண்டுகள் இயங்கியது. பின்னர் கிராமத்து மக்கள் கூட்டாகப் பங்கு வாங்கித் தங்கள் வயலோரங்களில் காற்றாலைகளை நட்டார்கள். உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணையும் 1991இல் இந்நாட்டின் விண்டபியில், பதினொரு காற்றாலைகளோடு எழுந்தது.

இப்போது நாட்டின் மின்தேவையில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. காற்று மிகுந்த நேரத்தில் இங்கிருந்து நோர்வேக்குக் கடலடி வடங்கள் வழியாக மின்சாரம் போக, அங்குள்ள அணைகள் தண்ணீரைச் சேமித்துக்கொள்கின்றன. காற்று ஓய்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரமாகத் திரும்பி வருகிறது. நேரத்துக்கு நேரம் மாறும் மறுநாள் மின்விலை முதல்நாள் பிற்பகலிலேயே தெரிந்துவிடுவதால், எங்கள் வீட்டில் துணி துவைக்கும் நேரத்தை அதைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். பலத்த காற்று வீசுமென்று வானிலை அறிக்கை சொல்லும் இரவுகளில் விலை பெரும்பாலும் இறங்கிவிடும்.