ஆடிக்காற்றில் முன்னால் மாறுவது: நத்தம் ரோட்டில் ஒருவழியாகக் கைகூடியது

சைக்கிள் வரிசையில் முன்னால் ஆள் மாறுகிற வித்தை எங்களுக்கு ஒருவழியாக வந்துவிட்டது. மதுரையிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், மேம்பாலத்தை விட்டு இறங்கி ஊமச்சிகுளம் தாண்டியதிலிருந்து சத்திரப்பட்டி வரைக்கும், ஆடிக்காற்று இடது காதில் அறைந்துகொண்டே இருக்க, ஆறு பேர் ஒரே வரிசையில் மாறி மாறி முன்னால் இழுத்துப் போனோம். யாரும் கழன்று பின்தங்கவில்லை, யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை, டீக்கடையில் உட்கார்ந்த பிறகும் பஞ்சாயத்து இல்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிய அதிசயமாக இருக்கும்.

பள்ளத்துக்குக் கை காட்டுவது, திடீர் பிரேக் போடாமல் இருப்பது, முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்காமல் இருப்பது, இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது ஒரே ஒரு இடத்தில்தான்: முன்னால் காற்றை வாங்கியவர் விலகி வரிசையின் வாலுக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு வருகிற அந்தச் சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் தங்கமாக ஓட்டுகிற ஆள்கூட அங்கே வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்.

நடப்பது இதுதான். இரண்டாவது இடத்தில் இருக்கும்வரை காற்று தெரியாது. முன்னால் இருந்தவர் விலகியதும் மொத்தக் காற்றும் நெஞ்சில் வந்து மோதுகிறது. உடனே, எங்கே வேகம் குறைந்துவிடுமோ, பின்னால் இருப்பவன் என்ன நினைப்பானோ என்று ஒரு அழுத்து. மணிக்கு 25 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்த வரிசை 29-க்குத் தாவிவிடும். நாலு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. காற்றே வீசாத நாளில்கூட 25-லிருந்து 29-க்குப் போனால் காற்றுக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்தாக வேண்டும். இதில் அதிகம் அடிபடுவது யார் என்றால், அதுவரை எல்லாருக்காகவும் காற்றை வாங்கிவிட்டு, மூச்சு வாங்க வாலுக்கு வந்துகொண்டிருக்கிற மனுஷன். அவர் வந்து ஒட்ட வேண்டிய நேரத்தில் வால் ஓடிப்போயிருக்கும்.

எங்கள் பி.டி. சாருக்கு இதுதான் வாடிக்கையாக நடந்தது. ரிட்டயர்டு ஆனவர், வயசு அறுபதைத் தாண்டியாச்சு, ஆனால் கால் இரும்பு. ஒவ்வொரு வாரமும் அவர் முன்னால் இழுத்து முடித்த பிறகுதான் கழன்று போவார். சாருக்கு வயசாகிவிட்டது, மெதுவாகப் போவோம் என்று குழுவில் பேச்சு. வயசும் இல்லை ஒன்றும் இல்லை, அவருக்குப் பின்னால் இருந்த ஒத்தக்கடைத் தம்பி முன்னால் வந்ததும் கொடுத்த அந்த அழுத்துதான். தம்பி நல்ல பையன், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒரு கைகாட்டல், ஒரு ‘சாரிண்ணே’ எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு அழுத்துக்கு ஈடாகாது. கூடப் போகிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை முழுக்கத் தொடையில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் மீட்டரைப் பார்த்து ஓட்டச் சொன்னோம். முன்னால் வந்ததும் 25 காட்டினால் 25-லேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கு ஆகவில்லை. ஆளுக்கொரு மீட்டர், ஆளுக்கொரு வேகம். தம்பி பழைய எம்.டி.பி.-யிலிருந்து, அதாவது தடி டயர் மலைச் சைக்கிளிலிருந்து, மீட்டரைக் கழற்றிப் புது ரோடு பைக்கில் மாட்டியிருக்கிறான், சக்கரச் சுற்றளவை மாற்றவே இல்லை. 26-க்கு 1.95 டயருக்குப் பட்டியலில் 2050 மில்லிமீட்டர், 700-க்கு 25 டயருக்கு 2105. அப்படியானால் அவன் மீட்டர் 25 என்று சொல்லும்போது உண்மையில் கிட்டத்தட்ட 25.7. இது போதாதென்று வக்கீல் அண்ணன் செல்போனில் ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டுகிறார், அது நடந்து முடிந்த பிறகுதான் செய்தி சொல்லும்.

சரி என்று ஒரு சாயங்காலம் எல்லா வண்டியையும் வீட்டு பார்க்கிங்கில் நிறுத்தி அளந்தோம். டயரில் வால்வு இருக்கும் இடத்துக்கு நேரே சாக்பீஸில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. ஆள் ஏறி உட்கார்ந்து, இன்னொருத்தர் பிடித்துக்கொள்ள, ஒரு முழுச் சுற்று உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடம் வரை டேப்பில் அளப்பது. ஆள் உட்காராமல் அளந்தால் டயர் அமுங்காது, சில மில்லிமீட்டர் கூடுதலாக வரும். அதையும் விடவில்லை, காற்று அழுத்தம் சரிபார்த்துவிட்டுத்தான் அளந்தோம். என் மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எண்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன, ஆனால் ரோட்டில் போய்ப் பார்த்தால் அதே கதைதான். காற்று முகத்தில் அடிக்கும்போது யாருக்கு மீட்டரைக் குனிந்து பார்க்கத் தோன்றும்? குனிந்து பார்க்கவும் கூடாது, எதிரே தண்ணி லாரி வரும்.

கடைசியில் பலித்தது மீட்டரே இல்லாத வழி. கியரைத் தொடாதே, மிதியை எண்ணு. இரண்டாவது இடத்துக்கு வந்ததுமே, வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்க வேண்டும். முன்னால் இருப்பவர் விலகுவார், காற்று மோதும், கால் கனக்கும். கனக்கட்டும், எண்ணிக்கையின் தாளம் மட்டும் மாறக் கூடாது. கியரும் மாறாமல், மிதிக்கிற கணக்கும் மாறாமல் இருந்தால் வேகம் மாறுவதற்கு வழியே கிடையாது. பல்சக்கரக் கணக்கு அது, காற்றுக்கெல்லாம் கட்டுப்படாது. நிமிஷத்துக்கு 80 சுற்று எங்களுக்கு ஒத்துவருகிறது. பி.டி. சார் முதல் நாள் ‘லெஃப்ட்... ரைட்...’ என்று சத்தமாகவே எண்ணினார், கடவூர்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று வேடிக்கை பார்த்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் காற்று மறைப்பில் சொகுசாக மிதிக்காமலேயே உருண்டுகொண்டிருந்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. ஃப்ரீவீல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கரகரவென்று கேட்டால் அந்த ஆள் எண்ணவில்லை என்று அர்த்தம். இப்போது பின்னாலிருந்து யாராவது ‘சத்தம் வருது தம்பி’ என்றால் போதும்.

விலகுகிறவருக்கும் வேலை உண்டு. முழுசாகப் பக்கவாட்டுக்கு வந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் மணிக்கு ஓரிரண்டு கிலோமீட்டர்தான். மிதிப்பதை நிறுத்தினால் வாலில் ஒட்டும்போது மறுபடி பாய வேண்டியிருக்கும். வரிசையின் கடைசி ஆள் தன் பக்கத்தில் அவர் வந்ததும் ‘கடைசி!’ என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் அவர் மிதியைக் கூட்டினால் தானாக வாலில் போய் உட்கார்ந்துகொள்வார். இந்த ஒரு சொல் வந்த பிறகு சார் ஒரு தடவைகூடக் கழலவில்லை.

அடுத்து, எந்தப் பக்கம் விலகுவது? இதற்கு நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. காற்று வருகிற பக்கமாக விலக வேண்டும், அப்போதுதான் பின்னால் இருப்பவர்கள் பதுங்கியிருக்கிற மறைப்பு கலையாது. நத்தம் நோக்கி வடக்கே போகும்போது ஆடியில் காற்று மேற்கிலிருந்து, அதாவது இடது கையிலிருந்து. அதனால் இடது பக்கம் விலகல். ஆனால் ரோட்டோரம் மணல் கிடக்கிறது, ஆகவே வரிசையே ஓரத்தைவிட்டு ஒரு முழம் தள்ளித்தான் போக வேண்டும், விலகுகிறவருக்கு இடம் வேண்டுமே. திரும்பி வரும்போது காற்று வலது கைக்கு மாறிவிடும். அப்போது வலது பக்கம் விலக வேண்டும், அங்கேதான் பஸ்ஸும் காரும் வருகின்றன. கண்ணாடி பார்க்காமல் விலகக் கூடாது, பார்த்து வண்டி வந்தால் இன்னும் இருபது மிதி சேர்த்து இழுத்துத்தான் ஆக வேண்டும். ஹேண்டில்பார் முனையில் செருகுகிற குட்டிக் கண்ணாடியை நான் வாங்கியபோது சிரித்தவர்கள் இப்போது ஆளுக்கொன்று மாட்டியிருக்கிறார்கள்.

டி.வி.-யில் பார்க்கிற ரேஸில் பக்கக்காற்று அடித்தால் ரோடு முழுக்கச் சாய்வாக விரிந்து போவார்கள். அது மூடிய ரோட்டில் செய்கிற வேலை. நத்தம் ரோட்டில் அதைச் செய்தால் பின்னால் வருகிற மினி பஸ் டிரைவர் நம் பரம்பரையையே இழுப்பார், அதில் தப்பும் இல்லை. கொஞ்சம் காற்றை வாங்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் போவதுதான் சரி. 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தில் மேலே மறைப்பே கிடையாது, பக்கக்காற்று வண்டியையே நகர்த்தும். அங்கே நாங்கள் ஒட்டிப் போவதே இல்லை, இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு ஆளாளுக்கு ஓட்டிவிடுகிறோம்.

முழங்கையை ஆட்டிச் சைகை காட்டுவதையும் கைவிட்டாச்சு. பாதிப்பேர் ‘இந்தப் பக்கம் நான் போறேன்’ என்று ஆட்டுகிறார்கள், மீதிப்பேர் ‘இந்தப் பக்கமா நீ வா’ என்று. இப்போது தன் இடுப்பில் தானே இரண்டு தட்டு, அப்புறம் விலகல். தட்டாமல் விலகக் கூடாது.

எழுந்து நின்று மிதிப்பவர்களுக்கும் ஒன்று. சீட்டிலிருந்து எழும் நொடியில் வண்டி பின்னால் போகும், பின்னால் இருப்பவர் முன்சக்கரத்தில் இடிக்கும் அளவுக்குப் போகும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கிவிட்டு, கால் கீழே அழுத்தும்போதே எழுந்தால் அந்த உதைப்பு தெரியாது. பரளிப் பக்க ஏற்றத்தில் இதைப் பழகிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முழுசாக வரவில்லை.

தீராத கேஸ் வக்கீல் அண்ணன்தான். காலி ரோட்டில் ஜோடியாகப் பேசிக்கொண்டு போகும்போது அவர் சக்கரம் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருக்கும். நாம் சமமாக வந்தால் மறுபடி அரைச் சக்கரம். இப்படியே இருவரும் தெரியாமல் ஏற்றி ஏற்றி, பேச்சு நின்று, கடைசியில் மூச்சுதான் கேட்கும். சொன்னால், ‘நான் எங்கப்பா வேகமாப் போறேன், நீதான் ஏத்துற’ என்கிறார். கோர்ட்டில் இவரை எதிர்த்து வாதாடுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இப்போதைக்கு அவருக்குப் பக்கத்தில் ஜோடியாகப் போகிற பொறுப்பைச் சாரிடம் ஒப்படைத்திருக்கிறோம். சார் சமமாக வரவே மாட்டார், தன் கணக்கிலேயே மிதிப்பார். அண்ணன் தனியாகப் பத்தடி முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

ஊர்க்காரர்களிடம் நடந்துகொள்வதும் இதில் சேர்த்திதான். ரோட்டில் நெல்லோ கொள்ளோ காயப்போட்டிருந்தால் சுற்றித்தான் போக வேண்டும், மேலே ஏற்றக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் தப்பில்லை. டீக்கடை வாசலை ஆறு வண்டியால் அடைக்காமல் எதிர்ப்புறம் நிறுத்துவது. துப்ப வேண்டுமென்றால் வாலுக்குப் போய்த் துப்புவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு. ஆடிப் பௌர்ணமித் தேரோட்டத்தை ஒட்டி அழகர்கோவில் ரோட்டை எட்டிப் பார்க்கவே வேண்டாம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போகும், அவர்களுக்கு நடுவே பெல் அடித்து வழி கேட்பது அசிங்கம்.

டியூப் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோடு பைக்கில் வருகிற ஒல்லியான பிரெஸ்டா வால்வு போட்டிருப்பவர்கள் தயவுசெய்து அந்தச் சின்னப் பித்தளை அடாப்டரை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வால்டியூப் காலத்து ஆட்கள் நடத்துகிற பஞ்சர் கடையில் கம்ப்ரசர் இருக்கும், ஆனால் அதன் தலை பிரெஸ்டாவில் உட்காராது. டவுனில் ஒரு கடையில் 28 மில்லிமீட்டர் டயருக்கான டியூப் என்று கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் அகலமான எம்.டி.பி. டியூப். மாற்றித் தரச் சொன்னால் ‘ரெண்டும் ரப்பர்தானே சார்’ என்கிறார். இனி ஆன்லைன்தான். அப்புறம், பஞ்சர் ஆனவருக்கு உதவ இரண்டு பேர் போதும், மீதி நாலு பேர் ரோட்டை விட்டு இறங்கி நின்றுகொண்டு வாயை மூடிக்கொள்வது பெரிய உதவி.

அடுத்துச் சிறுமலை. திண்டுக்கல் பக்கமிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் வரிசை கிரிசை எல்லாம் கிடையாது, அவரவர் கணக்கு, ஆறாவது வளைவிலும் பன்னிரண்டாவதிலும் நின்று சேர்ந்துகொள்வது என்று பேச்சு. எனக்கு இறக்கம்தான் யோசனை. வளைவுக்குள் முந்தக் கூடாது, ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழி விட வேண்டும், இதெல்லாம் சரி. ரிம் பிரேக் வண்டிகளை முன்னால் விடுவதா, டிஸ்க் பிரேக் வண்டிகளை விடுவதா என்று முடிவாகவில்லை. டிஸ்க் முன்னால் போய் டக்கென்று நின்றால் பின்னால் ரிம்காரர் பாடு திண்டாட்டம். ஆகவே டிஸ்க் பின்னால் என்று நான் சொல்கிறேன். வக்கீல் அண்ணன் டிஸ்க் வைத்திருப்பவர், ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். விசாரணை வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம், பருத்திப்பால் கடையில்.