விசேஷம் ஒன்றும் இல்லை

ஜூன் 26, 2024, புதன்

நாள் தள்ளி இன்றோடு ஒன்பது நாள். திங்கட்கிழமை காலையில் கிட்டில் இரண்டு கோடு வந்தது. ஒன்று கொஞ்சம் மங்கல்தான், இருந்தாலும் கோடு கோடுதான். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை பாலக்காட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். எங்கள் பக்கம் ஒரு தொல்லை உண்டு. மலையாளத்தில் "எந்தா விசேஷம்?" என்றால் என்ன சேதி என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்பார்கள். அதையே கல்யாணமான பெண்ணிடம் "விசேஷம் உண்டோ?" என்று கேட்டால் வேறு. தமிழிலும் அப்படித்தானே. பக்கத்து மேஜை சேச்சி இன்று வழக்கம்போல "எந்தா விசேஷம்?" என்றார். கையிலிருந்த பில் கட்டு நழுவி விழுந்தது.

"ஒந்நுமில்ல சேச்சி" என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

பாறை என்கிற ஊரைத் தாண்டியதும் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கள்ளு வண்டி. எங்கள் சித்தூர் தாலுகா தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குக் கள்ளு போகிறது. அந்தப் புளித்த வாசனை பிறந்ததிலிருந்து பழக்கம். இன்றைக்கு வயிறு குபீரென்று மேலே வந்தது. எலப்புள்ளியில் இறங்கி ஒரு பனைமரத்துக்குப் பின்னால் குனிந்து நின்றேன். அப்புறம் எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிற பஸ் ஏறினேன். ஆபீஸுக்குப் போன் செய்து "வயிறு சரியில்லை" என்றேன்.

வருஷத்துக்கு 12 சிக் லீவு. ஏப்ரல் காய்ச்சலில் 3 போயிற்று. இன்றோடு மீதி 8.

வீட்டுக்குள் வாந்தியை எப்படி மறைப்பது? அத்தை கொல்லையில் நின்று பார்த்தார். "ஏனம்மிணி, நாள் தள்ளிப் போயிருக்குதா?" தலையாட்டினேன். "சரி. மூணு மாசம் தாண்டற வரைக்கும் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுரும்."

எனக்குக் கண்ணேறு பயம் இல்லை. போன வருஷம் ஏழாவது வாரத்திலேயே ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லி லட்டு கொடுத்தேன். ஒன்பதாவது வாரத்தில் இல்லாமல் போயிற்று. சொன்னது ஒரே நாளில் முடிந்த வேலை. இல்லை என்று சொல்வது மாசக்கணக்கில் இழுத்தது. செக் கொடுக்க வந்த கிளையண்ட் ஒருவர் நவம்பரில் வந்து "எத்தனையாவது மாசம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூலை 6, சனி

வியாழனிலிருந்து மூன்று நாள் லீவு. மீதி 5.

இரண்டு நாளுக்கு மேல் போனால் சர்ட்டிபிகேட் வேண்டும். ஊரில் தெரிந்த முகம் அதிகம் என்று கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில்தான் டாக்டரம்மாவிடம் காட்டினேன். நல்லவர். "வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு, மூன்று நாள் ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பொய்யும் இல்லை, முழுசும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் "மகப்பேறு மற்றும் குழந்தைப்பேறின்மை சிகிச்சை மையம்". பக்கத்தில் தாயும் சேயுமாக ஒரு படம் வேறு.

அதை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் எங்கள் ஊர் பொது மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதே வரியைத் தன் தாளில் எழுதினார். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, நூறு ரூபாய்.

ஜூலை 9, செவ்வாய்

ராமசேரி இட்லி மட்டும் வயிற்றில் நிற்கிறது. இரவில் வாந்திக்கு டாக்சிலமைன் மாத்திரை. காலையில் கண் திறக்க மறுக்கிறது. கர்ப்பத்துக்குத் தருகிற போலிக் ஆசிட் மாத்திரைகளை ஸ்டேப்ளர் பின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்று பையன் ஒருவன் பின் கேட்டு டிராயரைத் திறக்கப் போனான். நானே எழுந்து ஓடினேன்.

ஜூலை 14, ஞாயிறு

படித்துப் பார்த்தேன். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம். பிரசவ லீவு 26 வாரம் என்பது 2017-இல் திருத்தியது, அது எல்லோருக்கும் தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எங்கள் ஆபீஸ் மாதிரி இடங்களுக்கும் பொருந்தும். கரு கலைந்தால் சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு உண்டு என்றும், கர்ப்பத்தால் உடம்பு முடியாமல் போனால் கூடுதலாக ஒரு மாசம் வரை உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. போன வருஷம் நான் எடுத்தது நாலு சிக் லீவு. ஐந்தாம் நாள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட உட்கார்ந்திருந்தேன். வருஷத்துக்கு இத்தனை கிளையண்டுக்குச் சட்டம் பார்த்துச் சொல்கிறவள், எனக்கு என்று பார்க்கவில்லை.

ஆனால் இரண்டுக்கும் அத்தாட்சி கொடுக்க வேண்டும். கொடுத்தால் தெரிந்துவிடும். அதனால் இப்போதைக்கு அந்த ஒரு மாசம் எனக்கு இல்லை. சிக் லீவுதான் கரைகிறது. கரையட்டும்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு வாசல் தென்னை வளைந்து நிமிர்கிறது. சாயங்காலம் ஸ்கேன். எட்டு வாரம், இரண்டு நாள். திரையில் ஒரு உளுந்து அளவுக்குத் துடித்தது. ஸ்கேன் பெண் எண் சொன்னார், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 22, திங்கள்

20-ஆம் தேதி ஜிஎஸ்டி முடிந்தது, 31-க்குள் வருமான வரி ரிட்டர்ன். ஆபீஸில் ஃபைல் மலை. சாப்பாட்டு நேரத்தில் யாரோ மத்தி வறுவல் டப்பாவைத் திறந்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்துவிட்டேன். சேச்சி பின்னாலேயே வந்து ஒரு படி மேலே உட்கார்ந்தார். சேலை முந்தானையில் மறைத்து ஓர் உப்பு நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தார்.

"எந்தா விசேஷம்?"

"ஒந்நுமில்ல சேச்சி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். ஆடிட்டர் ஆபீஸில் வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாசத்தில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மார்ச்சினு மும்போ, சேஷமோ?" மார்ச்சுக்கு முன்பா, பின்பா என்கிறார்.

நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே, "மும்பு" என்றேன்.