ஐ.சி.யு. நாட்குறிப்பு: வயிற்றுப்போக்கு நின்ற நாள்

ஜூன் 3
நிமோனியாவுக்காகச் சேர்ந்த அம்மாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. "டியூபுல குடுக்குற பால் ஒத்துக்கலையா டாக்டர்?" என்று மகன் கேட்டார். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஒரு வாரமாக ஓடுகிறது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 24,000, மிக அதிகம். எனக்கு க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமி மீதுதான் சந்தேகம். மலம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. போக்கை நிறுத்த லோபரமைடு கொடுக்க வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 4
மலத்தில் அந்தக் கிருமியின் நச்சு (டாக்சின்) பாசிடிவ். நுரையீரல் தெளிந்துவிட்டதால் மெரோபெனத்தை நிறுத்தினோம். குடலின் நல்ல பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக் அழித்த பிறகுதான் இந்தக் கிருமி பெருகுகிறது. மெரோபெனத்தைத் தொடர்ந்துகொண்டே சிகிச்சை செய்தால் குணமாவது கடினம். இந்தக் கிருமிக்கான மருந்து வான்கோமைசின் 125 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில். நரம்பில் போட்டால் பெருங்குடலுக்குள் போய்ச் சேராது. டூட்டி டாக்டர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் சீட்டில் பெரிதாக எழுதினேன்.

அம்மாவைத் தனி அறைக்கு மாற்றியாயிற்று. இந்தக் கிருமியின் கெட்டி ஓடு மூடிய வித்துகள் சானிடைசரில் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கை கழுவ வேண்டும். கட்டில் கம்பி, கைப்பிடி எல்லாம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலில் துடைக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர் அக்கா ஒரு மூலை விடாமல் துடைத்தார். அவர் வேலையும் சிகிச்சைதான்.

ஜூன் 6
காலையில் போக்கு நின்றுவிட்டது. மகன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வயிற்றைத் தொட்டதுமே பயம். உப்பியிருக்கிறது, குடல் சத்தமே இல்லை. பி.பி. இறங்கியதால் அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்கினோம். உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாதபோது ஏறும் லாக்டேட் 4; 2-க்குள் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பெருங்குடல் 7 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருக்கிறது; 6-ஐத் தாண்டினாலே ஆபத்து. குடல் அசைவு நின்றதால் மலம் வரவில்லை, அவ்வளவுதான். நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்கிறது.

வான்கோமைசினை 500 மி.கி. ஆக்கினோம். மேலிருந்து மருந்து இறங்காது என்பதால் எனிமாவாகவும் அதே 500. நரம்பில் மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து. சர்ஜனை உடனே கூப்பிட்டேன். குடல் ஓட்டையான பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம் என்று மகனிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 8
லாக்டேட் 1.8. நார்அட்ரினலின் குறைகிறது. சர்ஜன் காலையும் மாலையும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். கத்தி இன்னும் வேண்டாம் என்கிறார்.

ஜூன் 11
மறுபடி மலம் போகிறது. இந்த முறை எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். வயிறு தளர்ந்துவிட்டது, எனிமா நிறுத்தம். "இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்றார் மகன். குணமான பிறகும் பாசிடிவ் காட்டலாம், தேவையில்லை என்றேன். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது திரும்பி வரும். அதனால் சளி, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், ஆன்டிபயாடிக் எழுதும் முன் இந்த நோய் வந்ததைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.