பொஹோலின் சுண்ணாம்புக்கல்

பிலிப்பைன்ஸின் பொஹோல் என்றாலே எல்லோரும் சொல்வது சாக்லேட் குன்றுகளைத்தான். பக்கத்துத் தீவான செபுவிலிருந்து படகில் தக்பிலரான் வந்து, வேன் பிடித்து கார்மென் போய்ப் படியேறினால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே அச்சில் வார்த்ததுபோல் 1,200-க்கும் மேற்பட்ட குன்றுகள். கோடையில் புல் காய்ந்து பழுப்பாகிவிடும். பெயர் அப்படி வந்ததுதான். கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல் மேலெழும்பி, மழையில் கரைந்து கரைந்து இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது. சரி, படம் எடுத்தாயிற்று. எனக்கு அதைவிட, அதே கல் இந்தத் தீவின் சரித்திரத்தில் செய்த வேலைதான் சுவாரசியமாகப் பட்டது.

1565-இல் இங்கே வந்த ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும் உள்ளூர்த் தலைவர் சிகதுனாவும் கையைக் கீறி, ரத்தத்தை மதுவில் கலந்து குடித்து நட்பு பூண்டார்கள். அதற்குத் தக்பிலரானில் வெண்கலச் சிலை இருக்கிறது. சுற்றுலா வேன்கள் தவறாமல் நிற்கும் இடம். அந்த நட்பு அப்புறம் என்னவானது என்பதை யாரும் அங்கே விரிவாகச் சொல்வதில்லை.

பக்லயோன் தேவாலயத்துக்குப் போனால் கொஞ்சம் புரியும். 1727-இல் கட்டி முடித்தது. சுவரை ஒட்டி நின்று பாருங்கள், கல்லிலேயே பவளத்தின் துளைகளும் வரிகளும் தெரியும். கடலிலிருந்து வெட்டியெடுத்த கற்கள். ஸ்பானியர் காலத்தில் இப்படிப்பட்ட கட்டுமானங்களெல்லாம் உள்ளூர்க்காரர்களின் கட்டாய உழைப்பில் எழுந்தவை.

தீவின் உட்பகுதியில் அதே சுண்ணாம்புக்கல் குகை குகையாகக் குடைந்து கிடக்கிறது. 1744-இல் பிரான்சிஸ்கோ தகோஹோய் என்ற உள்ளூர்த் தலைவரின் சகோதரர், பாதிரியார் ஏவிய வேலையாக ஒருவனைப் பிடிக்கப் போய்ச் சண்டையில் செத்தார். ஒற்றைக்கு ஒற்றையாகச் சண்டையிட்டுச் செத்தவனுக்குக் கிறித்தவ அடக்கம் கிடையாது என்று அதே பாதிரியார் கைவிரித்துவிட்டார். ஏவியவரே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆயிரக்கணக்கானோர் தகோஹோயின் பின்னால் மலையேறினார்கள். குகைகளும் காடும் காப்பாற்ற, தகோஹோய் காலத்துக்குப் பிறகும் கலகம் 1829 வரை, மொத்தம் 85 ஆண்டுகள் நீடித்தது. ஸ்பெயினை இவ்வளவு காலம் திணறடித்த கலகம் பிலிப்பைன்ஸில் வேறு கிடையாது. கடைசியில் சரணடைந்தவர்களுக்கு மன்னிப்பு கொடுத்து, புது ஊர்களில் குடியேற்ற வேண்டியதாயிற்று.

2013 அக்டோபர் 15-ஆம் தேதி 7.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் பக்லயோன் மணிக்கூண்டின் மேற்பகுதி சரிந்தது. லோன் ஊரின் பெரிய தேவாலயம் தரைமட்டமானது. இனபாங்காவில் நிலமே பிளந்து சுவர்போல் மேலே எழும்பிவிட்டது. பக்லயோனைச் சீர்செய்து திறந்துவிட்டார்கள். புதுக்கல் எது, பழையது எது என்று தேடிப் பார்ப்பதில் நேரம் போனதே தெரியவில்லை.

தகோஹோயின் குகை தனாவோ பக்கம் இருக்கிறது. ஒருநாள் சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. தனி வண்டி பேசிக்கொள்ளுங்கள். சிலையில் செலவாகும் நேரத்தை அங்கே செலவழிக்கலாம்.