ரெட்ஸ்டோன் குரூப்புக்கு அப்ளை பண்ணியாச்சு

மைன்கிராஃப்ட் கேம்ல, கரண்டு மாதிரி சிக்னல் கடத்துற ரெட்ஸ்டோன வச்சு கால்குலேட்டர், கம்ப்யூட்டருன்னு கட்டுற குரூப்பு ஒண்ணுல சேர அப்ளை பண்ணிருக்கேன் மக்களே. பேரு ஊரு மட்டும் எழுதிக் குடுத்தா ஆகாது, கட்டுனத காட்டி எப்படி ஓடுதுன்னும் சொல்லணுமாம், நியாயம்தான். நான் காட்டுனது நாலு பிட் ஆடர், அதாவது 0லேருந்து 15 வரைக்கும் உள்ள ரெண்டு நம்பர கூட்டுற சர்க்யூட்டு. ரெட்ஸ்டோன் டார்ச் ஒட்டியிருக்குற பிளாக்குக்கு பவர் வந்தா டார்ச் அணைஞ்சிரும், அதான் சிக்னல தலைகீழாக்குற நாட் கேட்டு, மத்த கேட்டெல்லாம் அத வச்சே கட்டிரலாம். வயர் மாதிரி போடுற ரெட்ஸ்டோன் தூள்ல சிக்னல் 15 பிளாக்குதான் ஓடும், அப்புறம் சிக்னல திரும்ப ஏத்தி விடுற ரிப்பீட்டர் வைக்கணும், அது ஒவ்வொண்ணும் கொறஞ்சது 0.1 செகண்டு லேட்டாக்கும். 15ஓட 1 கூட்டுனா விடைய காட்டுற நாலு லேம்பும் அணைஞ்சு, நாலு பிட்டுக்கு மேல போறத காட்டுற கேரி லேம்பு மட்டும் எரியும், அத பாக்கணுமே!

மீன்பிடி தடைக்காலம், பாம்பன்ல போட்டெல்லாம் கரையில கெடக்கு, அதான் மச்சானும் பக்கத்துல வந்து குந்திட்டான். "ஒண்ணையும் ஒண்ணையும் கூட்ட இம்புட்டு வயரிங்காடா?"ங்கறான். பதில் வரட்டும், அடுத்து பெருக்கல்தான்.