தாலமிக்கு அப்பா யார்?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு நண்பன் ஒருவன் ஒரு பழைய வெள்ளி நாணயத்தின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "இந்த ஆள் அலெக்சாண்டருக்கு அண்ணன் முறைடா, தெரியுமா?" என்று கேட்டிருந்தான். நாணயத்தில் இருந்தவர் முதலாம் தாலமி. அலெக்சாண்டரோடு இந்தியா வரைக்கும் வந்த மாசிடோனியத் தளபதி, அப்புறம் எகிப்துக்கு அரசன். வளைந்த மூக்கு, முன்னால் துருத்திய தாடை, தூக்கம் கெட்டவர் மாதிரி பெரிய கண்கள். பின்பக்கம் இடிக்கொழுந்தின் மேல் நிற்கும் கழுகு. "அது வதந்தி" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

வதந்தி இதுதான். தாலமியின் அம்மா அர்சினோயி, அலெக்சாண்டரின் அப்பாவான இரண்டாம் பிலிப்பின் ஆசைநாயகியாக இருந்தாளாம், அவள் கர்ப்பமானதும் லாகோஸ் என்ற ஆளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டானாம் பிலிப். மாசிடோனியர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதுகிறார், அவருக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே தாலமி செத்து முந்நூறு வருஷத்துக்குப் பிந்தியவர்கள்.

இதைவிட அழகான இன்னொரு கதை பைசாந்தியக் காலத்து அகராதி ஒன்றில் இருக்கிறது. குழந்தை தன்னுடையது இல்லை என்று லாகோஸ் அதை ஒரு வெண்கலக் கேடயத்தில் வைத்து வெளியே போட்டுவிட, ஒரு கழுகு வந்து சிறகை விரித்து வெயிலும் மழையும் படாமல் காத்து, காடைகளைக் கிழித்து அந்த ரத்தத்தையே பாலாகக் கொடுத்து வளர்த்ததாம். மகாபாரதத்தில் சகுந்தலையைப் பறவைகள் காத்த கதை ஞாபகம் வந்தால் தப்பில்லை. கழுகு ஜீயுஸின் பறவை, நாணயத்தின் பின்பக்கம் நிற்பதும் அதுதான். நாணயத்தைப் பார்த்துக் கதை பிறந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, கணக்குக்கு வருவோம். தாலமி 84 வயது வரை வாழ்ந்தார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. இறந்தது கி.மு. 283 வாக்கில். அப்படியானால் பிறந்தது 367ஐ ஒட்டி. பிலிப் பிறந்தது 382, ஆக அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அதுவும் அந்தப் பையன் அந்தச் சமயத்தில் மாசிடோனியாவிலேயே இல்லை, பிணைக்கைதியாகக் கிரேக்கத்து தீப்ஸ் நகரத்தில் உட்கார்ந்திருந்தான். 84 என்பதை நம்பாமல் தாலமியின் வயதைக் கொஞ்சம் குறைத்தால் இடைஞ்சல் போய்விடும், ஆனால் வதந்தியைக் காப்பாற்றுவதற்காக வயதைக் குறைப்பது என்ன நியாயம்?

எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுவது வேறு. அலெக்சாண்டர் செத்த பிறகு தளபதிகள் அடித்துக்கொண்ட காலத்தில், பிலிப்பின் மகளும் அலெக்சாண்டரின் கூடப்பிறந்த தங்கையுமான கிளியோபாட்ராவை (பிற்கால எகிப்து ராணி இல்லை, இவள் வேறு) கட்டிக்கொள்ள ஆளாளுக்குப் போட்டி. 308இல் அவள் தாலமியிடம் போகக் கிளம்பினாள், சின்ன ஆசியாவின் சார்டிஸ் நகரத்தில் வைத்தே போட்டித் தளபதி ஆன்டிகோனஸின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். தாலமி உண்மையிலேயே பிலிப்பின் மகன் என்றால் அவள் அவருக்குத் தங்கை. ராஜரத்தம் உடம்பிலேயே ஓடுகிற ஆள் அதைக் கல்யாணத்தில் தேட வேண்டிய அவசியமும் இல்லையே! தாலமியின் மகன் இரண்டாம் தாலமி சொந்த அக்காவையே கட்டிக்கொண்டானே என்று கேட்பீர்கள். அது பிற்பாடு, எகிப்தில், கிரேக்கர்களே முகம் சுளித்த விஷயம்.

பிலிப்பின் ஆண் வாரிசுகள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டபின், "எங்கள் ராஜா பிலிப்பின் பிள்ளை" என்ற முணுமுணுப்பு தாலமியின் தலைநகரான அலெக்சாண்டிரியாவுக்கு இனித்திருக்கும். ஆனால் அரண்மனை எழுத்தில் போட்டது அதை இல்லை. சாடைரஸ் என்பவர் தரும் வம்சாவளியில் ராஜகுலத்து அமின்தாஸ், அவன் மகன் பாலக்ரோஸ், அவன் மகன் மெலெயாகர், அவன் மகள் அர்சினோயி என்று அம்மா வழியாகத்தான், மாசிடோனிய ராஜகுலம் தன் மூதாதை என்று சொல்லிக்கொண்ட புராண வீரன் ஹெராக்ளீஸ் வரை ஏணி போட்டிருக்கிறார்கள். அப்பா இடத்தில் லாகோஸ் அப்படியே இருக்கிறார். பேரன் மூன்றாம் தாலமி செங்கடல் கரையில் அதுலிஸில் வைத்த கல்வெட்டு, தன் அப்பா வழியில் ஹெராக்ளீஸ், அம்மா வழியில் டயோனிசஸ் என்ற கிரேக்கக் கடவுள் என்று பெருமை அடிக்கிறது. (அந்தக் கல்வெட்டைப் பார்த்து எழுதிவைத்தவர் ஆறாம் நூற்றாண்டு காஸ்மாஸ், இலங்கையைத் தப்ரபேன் என்று விவரித்து எழுதிய அதே வணிகர்.)

இந்த லாகோஸ் யார் என்றால், மாசிடோனியாவின் எயோர்தேயா பகுதிக்காரர், அவ்வளவுதான் கையில் சிக்குகிறது. பெயர் வேறு கிரேக்கத்தில் முயல் என்கிற சொல்லோடு இடிக்கும். எவ்வளவு தூரம் இடிக்கும் என்றால், பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அசுத்தமான பிராணிகள் பட்டியலில் அந்தச் சொல்லைப் போடாமல் 'மயிர்க்காலி' என்று பொருள்படும் வேறொரு சொல்லைப் போட்டார்கள், ராஜ குடும்பத்துக்குப் பயந்துதான் என்று யூத மரபு சொல்கிறது. யூதர்களின் மறைநூல் விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதில் முயல் பெயர்க்காரி ராஜாவின் மனைவி என்று மாறிப்போயிருக்கிறது, அது தனிக் கூத்து.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் ஒரு சம்பவமும் உண்டு. தாலமி ஓர் இலக்கணப் புலவரைச் சீண்டுவதற்காக, "பெலியுஸின் அப்பா யார்?" என்று கேட்டாராம் (பெலியுஸ், புராண வீரன் அக்கிலீஸின் அப்பா). "முதலில் லாகோஸின் அப்பா யார் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றாராம் அவர். சபை கொதித்தது. தாலமி மட்டும், கிண்டலைத் தாங்குவது ராஜாவுக்கு அழகில்லை என்றால் கிண்டல் பண்ணுவதும் அழகில்லை என்று விட்டுவிட்டாராம்.

நண்பனுக்கு மறுநாள் காலையில் நான் அனுப்பியது இந்தக் கதை எதையும் இல்லை. அந்த 308ஐ ஒட்டி கிரேக்கத்து ஆர்க்கேடியாவில் நடந்த லைக்காயா என்ற திருவிழா விளையாட்டில் இரட்டைக் குதிரைத் தேர்ப் போட்டியில் ஜெயித்த ஒருவனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தாலமிக்கும் அவருடைய காதலி தாயிஸுக்கும் பிறந்த பையன். ஊர் முழுக்க எந்தப் பெயரை வைத்துச் சிரித்ததோ, தாத்தாவின் அந்தப் பெயரைத்தான் தாலமி தன் பிள்ளைக்கு வைத்திருந்தார்: லாகோஸ், தாலமியின் மகன், மாசிடோனியன்.